கரை சேர்க்கும் துணை

நுழையும்முன்

தம் மக்களின் துயரை உலக அவையில் எடுத்துரைக்க விரும்பும் ஓர் இளம் பழங்குடியினருக்கு, அவ்வவையைச் சென்றடைவதே பெரும் போராட்டமாக அமைகிறது. அந்தப் பயணத்தில் பிறர் துணை தேவைப்படுகிறது. துணை என்பது எது, எந்த இடத்தில் அது நின்றுவிட வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கும்பிச்சல் கடவு

நெய்யாற்றின்கரை, பாறசாலை ஆகிய எல்லையோர ஊர்களுக்குக் கிழக்கே, மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அம்பூரி என்னும் ஊர் உள்ளது. ரப்பர் தோட்டங்களையும் மரவள்ளி விளையும் சரிவுகளையும் கடந்து சென்றால் கும்பிச்சல் கடவு வரும். நெய்யாறு அணையில் தேங்கிய நீர் அங்கே அகன்று பரந்து கிடக்கும். அணை 1958ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அக்கரையில் காட்டை ஒட்டிக் காணி மக்களின் குடியிருப்புகள் உள்ளன. உயர்கல்விக்கும் மருத்துவத்துக்கும் கடைத்தெருவுக்கும் அவர்கள் இக்கரைக்கே வர வேண்டும். நெடுங்காலம் அவர்களுக்குத் தோணியே வழியாக இருந்தது. பாலம் ஒன்று வேண்டும் என்பது அம்மக்களின் பல்லாண்டுக் கோரிக்கையாக இருந்தது.

தோணிக்காரரின் பணி எளியது போலத் தோன்றும். காய்ச்சலுற்ற குழந்தையுடன் ஒரு தாய் வருகிறார். தோணிக்காரர் அவரை ஏற்றி, நீரைக் கடந்து, கரையில் கால் வைக்கும்வரை தோணியை அசையாமல் பிடித்துக்கொள்கிறார். மருத்துவரிடம் நோயை எடுத்துச் சொல்பவர் அந்தத் தாயே. மாலையில் அவர் திரும்பி வரும்போது தோணி காத்திருக்க வேண்டும். ஏற்றுதல், கரை சேர்த்தல், காத்திருத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தோணிக்காரரின் உதவி.

ஆற்றைக் கடக்கத் தோணி போதும். கடல் கடந்து, நாடுகள் கூடும் அமைதி அவைக்கு ஒரு பழங்குடி இளைஞர் செல்ல வேண்டுமானால் எத்தகைய தோணி வேண்டும்?

அவைக்குச் செல்லும் வழக்கம்

காணி மக்களுக்கு அவைக்குச் செல்வது புதிய செய்தியன்று. ஓணத் திருநாளுக்கு முன் அகத்தியமலை அடிவாரத்திலிருந்து தேனும் வாழைக்குலையும் மூங்கிற் பொருள்களும் ஏந்தித் திருவனந்தபுரத்துக் கவடியார் அரண்மனைக்குச் செல்லும் வழக்கம் அவர்களிடம் உண்டு. அரச குடும்பத்தினர் அக்காணிக்கையைப் பெற்றுக்கொண்டு ஓணப் பரிசு வழங்குவர். அது அன்பும் மதிப்பும் கலந்த வழக்கம். ஆயினும் காணிக்கை கொண்டு செல்வதும் கோரிக்கை கொண்டு செல்வதும் ஒன்றல்ல. காணிக்கையை யாரும் மறுப்பதில்லை. கோரிக்கையோடு வருபவருக்கு வாயிற்கதவு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவழி பிரிக்கப்பட்டபோது, கல்குளம், விளவங்கோடு முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலையோ ஒன்றாகவே நின்றது. இன்றும் காணி மக்கள் கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வாழ்கின்றனர். அவர்களது பேச்சு தமிழோடும் மலையாளத்தோடும் உறவுடையது. சாற்றுப்பாட்டும், அதற்குத் துணையாக உரசி இசைக்கும் இரும்புக் கொக்கரையும் அவர்களுக்கு உரியவை. எல்லைக்கோடு வரையப்பட்ட நாளில் அவர்களின் கருத்தை யார் கேட்டனர் என்ற வினா இன்னும் அம்மலையில் நிற்கிறது.

திறக்காத கதவு

கேட்கப்படாமை அகத்தியமலையின் துயர் மட்டுமன்று. முதல் உலகப்போருக்குப் பின், இனிப் போர் வேண்டா என்ற நோக்கோடு ஜெனீவா நகரில் நாட்டுக் கூட்டமைப்பு அமைக்கப்பட்டது. 1923ஆம் ஆண்டு அந்நகருக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் பெயர் தெஸ்காஹே. கனடாவின் கிராண்ட் ஆற்றங்கரையில் வாழ்ந்த ஆறு பழங்குடிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்த தலைவர். தம் மக்களே வழங்கிய கடவுச்சீட்டைக் கையில் கொண்டு அவர் கடல் கடந்தார்.

தம் மக்கள் தம்மைத் தாமே ஆண்டுகொள்ளும் உரிமையைக் கனடா அரசு பறிக்கிறது என்று அமைதி அவையின் முன் சொல்ல அவர் விரும்பினார். சில நாடுகள் அவர் கோரிக்கைக்கு ஆதரவு காட்டின. பிரிட்டன் அதைத் தடுத்தது. ஓராண்டுக்கு மேல் அவர் ஐரோப்பாவில் காத்திருந்தார். ஜெனீவா நகர மக்கள் சிலர் அவருக்குத் துணைநின்றனர். அவர் பேச்சைக் கேட்கத் திரண்டனர். ஆனால் நாடுகளின் அவையில் அவருக்கு ஒரு நாளும் இடம் கிடைக்கவில்லை. அவர் அயலகத்தில் இருந்தபோதே 1924ஆம் ஆண்டு அவர் மக்களின் மரபுவழி மன்றத்தைக் கனடா அரசு நீக்கியது. 1925இல் தாயகத்துக்கு வெளியே, அமெரிக்க மண்ணில் அவர் காலமானார்.

அமைதிக்கென்று அமைந்த அவை, அமைதியாக வந்து கதவைத் தட்டியவரை வெளியே நிறுத்தியது. வாளோடு வராமல் விண்ணப்பத்தோடு வந்தவருக்குச் செவி கிடைக்காவிட்டால், பின்வரும் தலைமுறை விண்ணப்பத்தின்மேல் நம்பிக்கை கொள்வது எவ்வாறு? கேட்கப்படும் இடம் இருக்கும்போதே பூசல் பேச்சாக மாறும். ஆதலால் அவ்விடத்துக்கு ஒருவரை அழைத்துச் செல்லும் உதவியும் அமைதிப்பணியே ஆகும்.

கதவு திறந்த வரலாறு

ஐம்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1977ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்கக் கண்டங்களின் பழங்குடிப் பேராளர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதே ஜெனீவா நகரில் கூடினர். அதன் பயனாக 1982ஆம் ஆண்டு ஆகஸ்டு 9 அன்று ஐக்கிய நாடுகள் அவையின் பழங்குடி மக்களுக்கான பணிக்குழு முதன்முதலாகக் கூடியது. அந்த நாளே இன்று உலகப் பழங்குடி மக்கள் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கதவு திறந்ததும் வேறொரு தடை கண்ணுக்குத் தெரிந்தது. வாயில் திறந்திருந்தாலும் வழிச்செலவு இல்லாதவர் எப்படி வருவார்? மலையிலும் காட்டிலும் வாழும் ஒருவருக்கு ஜெனீவாவுக்கான விமானக் கட்டணம் ஓராண்டு உழைப்புக்கும் மேற்பட்டதாக இருக்கலாம். 1985ஆம் ஆண்டு ஐ.நா. பொது அவை இதற்கென ஒரு தன்னார்வ நிதியத்தை அமைத்தது. நாடுகளும் அமைப்புகளும் தாமாக முன்வந்து அளிக்கும் பணத்திலிருந்து பழங்குடிப் பேராளரின் பயணச் செலவையும் தங்கும் செலவையும் அது ஏற்கிறது. இந்த நிதியம் யாருக்காகவும் பேசுவதில்லை. பேச வருபவரைக் கரை சேர்க்கிறது.

2007 செப்டம்பர் 13 அன்று பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தை ஐ.நா. பொது அவை ஏற்றது. 144 நாடுகள் ஆதரித்தன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. எதிர்த்தவை நான்கு. அவற்றுள் தெஸ்காஹேயின் விண்ணப்பத்துக்குக் காரணமான கனடாவும் ஒன்று. பின்னர் அந்நான்கு நாடுகளும் தம் நிலையை மாற்றிக்கொண்டன. 1923இல் தட்டப்பட்ட கதவு திறக்க எண்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின.

பயணத்தின் படிகள்

கும்பிச்சல் கடவின் அக்கரையில் வாழும் இருபது வயதுப் பெண் ஒருவருக்கு இத்தகைய அவையிலிருந்து அழைப்பு வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் முன்னே உள்ள படிகள் எத்தனை!

முதற்படி தாள். கடவுச்சீட்டுக்குப் பிறந்தநாளும் முகவரியும் பெயரும் எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பள்ளிச் சான்றில் ஓரெழுத்தும் அடையாள அட்டையில் வேறோர் எழுத்தும் இருந்தால் பயணம் அங்கேயே தடைப்படும். அலுவலகத்துக்கு உடன் சென்று, படிவத்தைப் படித்துக்காட்டி, பிழையைத் திருத்த உதவும் ஆசிரியரோ அஞ்சல்காரரோ அந்நேரத்தில் பேருதவி புரிந்தவர் ஆவார். இது செய்தித்தாளில் வராத உதவி.

இரண்டாம் படி பணம். பயணச் சீட்டுக்கு நிதியம் உதவலாம். ஆனால் அப்பெண் இல்லாத நாள்களில் வீட்டின் ஆட்டையும் விளைநிலத்தையும் தம்பி தங்கையரையும் யார் பார்த்துக்கொள்வது? குளிர்நாட்டுக்கு ஏற்ற கம்பளியுடை எங்கே கிடைக்கும்? இச்சிறு வினாக்களுக்கு விடை காண்பவர் பெரும்பாலும் அண்டை வீட்டாரே.

மூன்றாம் படி மொழி. ஐ.நா. அவையின் அலுவல் மொழிகள் ஆறு: அரபு, ஆங்கிலம், சீனம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம். காணியரின் பேச்சு அவற்றுள் இல்லை. தமிழும் மலையாளமும் இந்தியும்கூட இல்லை. ஆனால் வேறு மொழியில் பேச விரும்பும் பேராளர் மொழிபெயர்ப்புக்குத் தாமே ஏற்பாடு செய்துகொண்டால் தம் மொழியிலேயே பேசலாம் என்பது பொது அவையின் விதி. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பறையில் வேறு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளுக்கு இந்த விதியின் அருமை நன்கு விளங்கும். பாட்டியிடம் சொன்ன துயரை வேற்றுமொழியில் சொல்லும்போது எங்கோ ஒரு சொல் நழுவிவிடுகிறது. நழுவும் அச்சொல்லைப் பிடித்துத் தருபவரே நல்ல மொழிபெயர்ப்பாளர்.

நான்காம் படியைப் பலர் மறந்துவிடுகின்றனர். அது திரும்பி வருதல். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ காலநிலை மாநாட்டின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டுப் பழங்குடிப் பெண் சாய் சுருயி பேசினார். அப்போது அவருக்கு வயது 24. காட்டைக் காத்த காரணத்தால் கொலையுண்ட தம் நண்பரை அவர் அவ்வவையில் நினைவுகூர்ந்தார். அந்தப் பேச்சுக்குப் பின் வசைகள் பல அவரைத் தேடி வந்தன. மேடையேற்றியவரின் கடமை கைதட்டலோடு முடிவதில்லை; மாலைத் தோணி காத்திருக்க வேண்டும்.

அட்டையில் எழுதப்பட்ட பெயர்

உதவி செய்பவர் எங்கே நின்றுவிட வேண்டும் என்பதற்கு ரிகோபெர்த்தா மெஞ்சூவின் வாழ்க்கை ஒரு பாடம். அவர் குவாத்தமாலா நாட்டின் மாயா பழங்குடியினர், 1959இல் பிறந்தவர். சிறுவயதிலேயே காப்பித் தோட்டங்களில் உழைத்தவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் அவர் தந்தையும் தாயும் உடன்பிறந்தாரும் உயிரிழந்தனர். 1981இல் அவர் மெக்சிகோ நாட்டில் அடைக்கலம் புகுந்தார். ஸ்பானிய மொழியைப் பின்னாளில் கற்றுக்கொண்டு அம்மொழியிலேயே உலகோடு பேசினார். ஜெனீவாவின் பழங்குடிப் பணிக்குழுவிலும் பங்கேற்றார்.

1982ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் எலிசபெத் பூர்கோஸ் என்னும் ஆய்வாளர் அவரிடம் ஒரு வார காலம் உரையாடி, அதனை நூலாக்கினார். அந்நூலே மெஞ்சூவின் குரலை உலகெங்கும் கொண்டு சென்றது. அது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆயினும் நூலாசிரியர் என்று அட்டையில் இடம்பெற்ற பெயர் பூர்கோசுடையது. வாழ்ந்தவர், இழந்தவர், சொன்னவர் மெஞ்சூ. தம் கதை தம் கையை விட்டுப் போனது பற்றிய வருத்தம் அவருக்குப் பின்னாளில் இருந்தது. தோணியைச் செலுத்தியவரே மருத்துவரிடம் சென்று தாயின் இடத்தில் அமர்ந்துவிட்டால் எப்படியிருக்கும்? அதைப் போன்றதே இது.

1992ஆம் ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசு மெஞ்சூவுக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 33. முப்பத்தாறு ஆண்டுப் போருக்குப் பின் 1996 டிசம்பரில் குவாத்தமாலாவில் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. அப்போரில் இறந்தோரும் காணாமற்போனோரும் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் மாயா மக்கள். அவர்களின் துயரை உலகம் அறிந்ததில் மெஞ்சூவின் பயணங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆரோக்கியப்பச்சை

அகத்தியமலைக்கும் இத்தகைய ஒரு கதை உண்டு. 1987ஆம் ஆண்டு டிசம்பரில் தாவர ஆய்வாளர் சிலர் அம்மலைக்காட்டில் ஏறினர். வழிகாட்டிகளாகச் சென்ற காணி இளைஞர்கள் களைப்பின்றி நடந்தனர். இடையிடையே ஒரு சிறு காயை மென்றனர். களைத்த ஆய்வாளர்களும் அதைத் தின்று தெம்பு பெற்றனர். செடியைக் காட்டும்படி வேண்டியபோது இளைஞர்கள் தயங்கினர். அது தம் முன்னோர் காத்த அறிவு. வெளியாரிடம் சொல்லத் தகாதது. பின்னர் மனமிசைந்து காட்டிய அச்செடிதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கியது. 1995ஆம் ஆண்டு கோயம்புத்தூர் ஆரிய வைத்திய மருந்தகத்துக்கு அதைத் தயாரிக்கும் உரிமை பத்து இலட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் இரண்டு விழுக்காட்டுப் பங்குக்கும் அளிக்கப்பட்டது. அத்தொகையில் பாதி காணி மக்களுக்கு உரியதென முடிவாயிற்று. அதைப் பெறுவதற்காக 1997இல் காணி மக்களின் நல அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது. அறிவுக்கு உரியவர்க்குப் பங்கு என்னும் இம்முறை உலகப் பல்லுயிர் மாநாடுகளில் முன்மாதிரியாகப் பேசப்பட்டது.

பேசியவர்கள் பெரும்பாலும் அறிஞரும் சட்ட வல்லுநரும் ஆவர். அவர்கள் நன்னோக்குடையவர்களே. எனினும் மலையில் வேறு குரல்களும் இருந்தன. தம்மைக் கலந்து பேசவில்லை என்று காணியரில் ஒரு சாரார் வருந்தினர். மரபு மருத்துவர் சிலர், தம் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்பது முறையன்று என்று எதிர்த்தனர். செடியைக் காட்டிலிருந்து எடுப்பதற்கு வனத்துறையின் தடையும் இருந்தது. மாநாட்டு மேடையில் ஒரே கதையாக ஒலித்தது, மலையில் பல கதைகளாக இருந்தது. அப்பல கதைகளையும் சொல்ல வல்லவர் அங்கு வாழ்பவரே. ஒரு மக்களைப் பற்றிப் பேசுவதற்கும், அவர்கள் பேசுவதற்கு வழிவிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

தாமே பேசிய இளம்பெண்

அவ்வேறுபாட்டை உணர்த்துபவர் அர்ச்சனா சோரங். ஒடிசா மாநிலம் சுந்தர்கர் மாவட்டத்தைச் சேர்ந்த காரியா பழங்குடிப் பெண். அவர் தாத்தா ஊர்க்காட்டைக் காப்பதில் முன்னின்றவர். தந்தை மரபு மருத்துவம் அறிந்தவர். அர்ச்சனா மும்பையில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் பயின்று, மாணவர் மன்றத் தலைவராகவும் இருந்தார். 2020ஆம் ஆண்டு ஜூலையில், பெருந்தொற்றால் நாடுகள் எல்லைகளை மூடியிருந்த காலத்தில், ஐ.நா. பொதுச்செயலர் அந்தோனியோ குட்டெரெஸ் காலநிலை பற்றித் தமக்கு அறிவுரை கூற உலகெங்கிலுமிருந்து ஏழு இளைஞரைத் தேர்ந்தார். அவர்களுள் ஒருவர் அர்ச்சனா.

இங்கே உறவு தலைகீழாக மாறியதை நோக்குக. பழங்குடிகளுக்கு அறிவுரை கூறுவதே உலகின் நெடுநாள் வழக்கம். இப்போது உலகத் தலைவர் ஒருவர் பழங்குடிப் பெண்ணிடம் அறிவுரை கேட்டார். தாத்தா காத்த காடும் தந்தை அறிந்த மூலிகையும் அவருடைய சொல்லுக்கு வலிமை தந்தன. கல்வி அச்சொல்லைக் கடல் கடக்கச் செய்தது. பள்ளிக் கட்டணம் செலுத்திய பெற்றோரும் கற்பித்த ஆசிரியரும் தோணி செலுத்தியவர்கள். பேச்சு அவருடையது.

மீண்டும் கடவில்

மாலை வேளையில் கும்பிச்சல் கடவில் நிற்பவருக்கு இரு கரைகளும் தெரியும். அக்கரையின் குடியிருப்புகளில் பள்ளி செல்லும் சிறுவர் சிறுமியர் உள்ளனர். அவர்களுள் ஒருவர் நாளை உலக அவையில் நின்று, அகத்தியமலையின் காட்டைப் பற்றியும் தம் மக்களின் உரிமையைப் பற்றியும் பேசக்கூடும். அவருக்கு இரக்கம் வேண்டா. பிழையற்ற ஒரு சான்றிதழ், ஒரு பயணச்சீட்டு, சொல்லை நழுவவிடாத ஒரு மொழிபெயர்ப்பாளர், திரும்பும் வழியில் ஓர் உறுதுணை ஆகியவை போதும்.

தொலைவூரில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒருநாள் பிறர்க்குத் தோணி செலுத்தும் நிலைக்கு உயர்வர். அன்று அவர்கள் ஏறுபவருக்குக் கைகொடுக்க வேண்டும்; கரை வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும்; இருட்டுமுன் அவர் திரும்பும்வரை துறையில் காத்திருக்க வேண்டும்.

சொல்லும் பொருளும்

கடவு – ஆற்றைக் கடக்கும் துறை
காணிக்கை – மதிப்போடு அளிக்கும் பொருள்
கொக்கரை – உரசி இசைக்கும் இரும்புக் கருவி
பேராளர் – ஒரு குழுவின் சார்பாகச் செல்பவர்
பிரகடனம் – பலரறிய வெளியிடும் அறிவிப்பு
விழுக்காடு – நூற்றில் ஒரு பங்கு

சிந்தித்து எழுதுக

1. தோணிக்காரரின் உதவியில் அடங்கிய மூன்று செயல்கள் யாவை?
2. காணிக்கை கொண்டு செல்வதற்கும் கோரிக்கை கொண்டு செல்வதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. தெஸ்காஹேயின் பயணம் தோல்வியுற்றது என்று கூறலாமா? உன் கருத்துக்குக் காரணம் தருக.
4. ஆரோக்கியப்பச்சையின் கதையை ஒரு காணி மருத்துவர் சொன்னால் எவ்வாறு அமையும்? பத்து வரிகளில் எழுதுக.
5. நீ வீட்டில் பேசும் மொழியில் எளிதாகச் சொல்லக்கூடிய, வேறு மொழியில் சொல்ல இயலாத ஒரு சொல்லைப் பெற்றோரிடம் கேட்டறிந்து எழுதுக.